முழங்கால் ஆறும்வரை

ஜனவரி 16, வியாழன்.

ஒரு சிறு தவறு. செவ்வாய்க்கிழமை மாலை கதை எழுதும் வகுப்பில் நான் வாசித்த தொடக்கத்தில், எங்கள் ரக்பி கிளப்பில் ஆடும் தோர்னிக்கேயை ஸ்க்ரமின் இடது பக்கம் நிறுத்தியிருந்தேன். அவன் வலது பக்கத்துக்காரன். இரண்டு அணியும் தலை கோத்துத் தள்ளும்போது எதிரணி ஆட்கள் இருவரின் எடை அவன் கழுத்தில்தான் இறங்கும். கிளப்பில் ஆட்ட வீடியோக்களை வெட்டித் தொகுப்பது என் வேலை. தினமும் அவனைத் திரையில் பார்க்கிறேன். இருந்தும் பக்கம் மாறிவிட்டது. வகுப்பில் ஒருவரும் திருத்தவில்லை. (ரக்பி பைத்தியம் பிடித்த இந்த ஊரில் அது நடக்காத காரியம். யாருமே கேட்டுக்கொண்டிருக்கவில்லையோ என்னவோ.)

1

இந்தக் கதை ஒரு பதவிப் பெயரிலிருந்து வந்தது: மருத்துவ ஜோக்கர். ஒருவன் காயம்பட்டு நெடுநாள் வெளியே இருந்தால், அவன் குணமாகும்வரை மட்டும் இன்னொருவனை எடுத்துக்கொள்ளலாம். அப்படி வருகிறவனை எங்கள் ரக்பியில் அப்படித்தான் அழைக்கிறோம். அக்டோபரில் எங்கள் வலது பக்கத்துக்காரன் ஷிமுனின் முழங்கால் போனது. ஜார்ஜியாவிலிருந்து தோர்னிக்கே வந்தான். இல்லை. அவன் ஜார்ஜியாக்காரன், ஆனால் வந்தது இன்னொரு பிரெஞ்சு ஊரிலிருந்து. அங்கேயும் ஜோக்கர்தான்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அதூர் ஆற்றங்கரை மைதானத்தில் மழை பெய்துகொண்டிருந்த—" (எப்போதுதான் பெய்யவில்லை?)

"தோர்னிக்கே தனிமையில் வாடினான்—" (அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சலவைக்கடைக்கு மேலே அவனுக்குக் கிளப் கொடுத்த அறையில், பெட்டியைக் கதவருகிலேயே வைத்திருக்கிறான். நான் பார்த்தது அவ்வளவுதான்.)

"முதல் பிரிவில் நடக்கிற மாதிரி எழுதிப் பாரேன்ப்பா. பெரிய மைதானம், பெரிய கூட்டம்னு வச்சா எல்லாரும் படிப்பாங்க," என்றார் வகுப்பெடுக்கும் கஸ்தெரா அம்மா.

 அதற்குப் பதிலை இங்கே எழுத முயல்கிறேன். நாங்கள் ஆடும் இரண்டாம் பிரிவில், மேலே போகிற பையனும் மேலிருந்து இறங்குகிற ஆளும் ஒரே பெஞ்சில் காலுறை மாட்டுகிறார்கள். பெரிய கிளப்புகள் தங்கள் பையன்களை இங்கே இரவல் விட்டு, தேறியதும் அழைத்துக்கொள்கின்றன. பையனுக்கு இது பயிற்சிக்கூடம். இறங்குகிறவனுக்கு இன்னும் இரண்டொரு வருடச் சம்பளம். ஏறவும் செய்யாத, இறங்கவும் செய்யாத தோர்னிக்கேக்கு இது—

(இந்தப் பத்தியை முடிக்க வரவில்லை.)

3

இன்று காலை ஷிமுனுக்குக் கடைசிச் சோதனை. தேறினால் அவன் அணிக்குத் திரும்புவான். தோர்னிக்கேயின் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

சோதனையின் கடைசிக் கட்டம், முழு எடையுள்ள ஒருவனோடு நேருக்கு நேர் தள்ளுவது. எங்கள் பிசியோ மைத்தே அக்காவுக்கு, தள்ளிப் பழகுகிற ஸ்க்ரம் இயந்திரத்தில் நம்பிக்கை இல்லை.

"அது திருப்பித் தள்ளாது. யாருப்பா வர்றீங்க?"

எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஷிமுனுக்கு ஈடான எடை ஒருவனிடம்தான் உண்டு.

"நான் வர்றேன்," என்றான் தோர்னிக்கே.

"டேய், நீயா?" ஷிமுன் சிரித்தான். "என் கால ஒடச்சிட்டு இங்கேயே குடித்தனம் பண்ணலாம்னு பாக்குறியா?"

"ஒன் கால ஒடச்சா ஒங்கப்பா கடையில எனக்குக் கறி யாரு குடுப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். மைத்தே அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மெதுவாத் தள்ளி ஏமாத்தலாம்னு நெனைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சிடும்."

நான் கேமராவைப் பிடித்தேன்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: தள்ளுகிறவன் மனம் வைத்தால், தோளைச் சற்றே இறக்கி எதிராளியின் முழங்காலை உள்பக்கம் திருகிவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்கும் அது தெரியாது.)

4

முதல் வரைவு: "அவன் தோளை இறக்கி—" அடித்துவிட்டேன். அவனிடத்தில் இருந்தால் நான் செய்துவிடுவேனோ என்று பயப்படுகிற காரியம் அது. அதை அவன்மேல் ஏற்றக் கூடாது.

இரண்டாவது வரைவு: அவன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். வகுப்புக்குப் பிடித்திருக்கும். அதையும் அடித்தேன்.

நடந்தது: தோர்னிக்கே முழு பலத்தோடு தள்ளினான். புல் பெயர்ந்தது. ஷிமுன் ஓரடி பின்னால் போனான், நின்றான், பிறகு அங்குலம் அங்குலமாகத் திரும்பி வந்தான். மைத்தே அக்கா "போதும்" என்றார். ஷிமுன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதான். தோர்னிக்கே கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"கால் நல்லா இருக்குடா."

எல்லோரும் ஷிமுனைச் சூழ்ந்துகொண்டு அவன் மண்டையில் தட்டினார்கள். தோர்னிக்கே தனியாகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். கேமராவை யார் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

5

மதியம் தோர்னிக்கே என் அறைக்கு வந்தான்.

"தம்பி, வேற கிளப்புங்களுக்கு அனுப்ப வீடியோ கட் பண்ணித் தர்றியா?"

"நம்ம ஆட்டத்துல நல்லதா எடுத்து வைக்கிறேன்ண்ணே."

"இன்னைக்கு எடுத்ததயும் போடு."

"அதுல ஷிமுன்தானேண்ணே ஜெயிச்சான்?"

"ஆமா. ஆனா நான் முழுசாத் தள்ளுனேன்ல? பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

அப்படி ஒருவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ. 

6

முடிவு இங்கே வர வேண்டும். தொலைபேசி அடிக்கும், தோர்னிக்கேக்கு ஒரு கிளப் கிடைக்கும் என்று எழுதிப் பார்த்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அந்தத் தொலைபேசி அடிக்க வேண்டுமானால், ஏதோ ஓர் ஊரில் வலது பக்கத்துக்காரன் ஒருவனுக்குத் தோளோ முழங்காலோ போக வேண்டும். அவனுக்கு நான் பெயர் வைக்க வேண்டும், வீடு கொடுக்க வேண்டும், பிறகு விழவைக்க வேண்டும்.

என்னால் ஆகாது. தோர்னிக்கேக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்த ஆளை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

நாளை: தோர்னிக்கேயின் ஸ்க்ரம் காட்சிகளைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். இன்று காலை எடுத்ததைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.