இரண்டு சாவியும் ஒரு கையில்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள்: பெயிண்ட் ஆலை மேலாளர். மனிதவள அதிகாரி, எதைக் கேட்டாலும் முதலில் மேலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர். உற்பத்திப் பிரிவுத் தலைவர். எதிரில் வருகிறவரைத் தேய்த்துவிட்டுப் போகிறவர் என்பதால் அவருக்கு ரோலர் என்று பெயர். தரக்கட்டுப்பாட்டுப் பெரியவர், அவர் பிரைமர். சுவரில் முதலில் பூசுவது அது, பிறகு கண்ணில் படாமல் போவதும் அதுதான். குறிப்பெடுக்க ஒரு டைப்பிஸ்ட் பெண்.

பேச்சு யாரைப் பற்றியோ, அவள் அங்கே இல்லை. அவள் கீழே, நிறம் கலக்கும் ஷேட் பிரிவில், ஒரு டிரம் வெள்ளைப் பெயிண்டில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிரிவின் தலைமை நாற்காலி காலியாகியிருந்தது. முன்பும் இரண்டு முறை காலியானது. ஒரு முறை மேலாளரின் உறவினர் வந்து உட்கார்ந்தார். அடுத்த முறை வெளியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளையில் எத்தனை வகை என்று அவருக்கு இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இந்த முறையும் கை நழுவினால், அடுத்து அது காலியாகும்போது அவளுக்கு ஓய்வு பெறும் வயதாகியிருக்கும். அது அவளுக்குத் தெரியும். அலுவலகத்துக்கும் தெரியும்.

டைப்பிஸ்ட் பெண் அவளுடைய நாத்தனார். மதிய இடைவேளையில் காலி டிரம்கள் அடுக்கியிருந்த பக்கமாக மூச்சு வாங்க வந்தாள்.

"அண்ணி, உங்களுக்காக பிரைமர் பேசினாரு."

"எனக்காகவா? என்ன பேசினாரு?"

"'அந்தப் பொண்ணு இல்லன்னா ஷேட் பிரிவே இல்ல, போஸ்ட்ட அவளுக்குக் குடுங்க, நான் பொறுப்பு'ன்னாரு. ரோலருக்குக் குடிச்ச டீ மூக்குல ஏறிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. "வேற யாருன்னு நெனச்சுப் பேசிட்டாரா?"

"உங்க பேரைச் சொல்லித்தான் பேசினாரு. நானே டைப் பண்ணேன்."

இத்தனை வருடத்தில் பிரைமர் அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு உள்ளங்கையில் அடக்கிவிடலாம். ம். சரி. இன்னொரு தடவை அரைங்க. அவ்வளவுதான். அவள் இருமினால்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதர்.

சாயங்காலம் வீட்டில் பேச்சு அதுதான். அவளுடைய கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்த ஆளுக்கு இதுல என்ன?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப நீ பயப்படணும். ரோட்டுல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வழிவிட்டா, முன்னாடி பள்ளம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்கண்ணனுக்கு நல்லது நடந்தாலே வயித்தக் கலக்கும்," என்றாள் நாத்தனார். "மேல போனவங்க எல்லாம் எப்படிப் போனாங்க? உள்ள இருந்து ஒருத்தர் பேசினாரு, போனாங்க. நமக்குப் பேச ஆள் இல்லன்னு நீங்கதானே அண்ணி புலம்பினீங்க? இப்ப ஆள் வந்திருக்கு. பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுக்கலாம். அது கையா, தூண்டிலான்னு தெரியணும்ல."

"ஆமா, நீங்க பெரிய சுறாமீன்."

அதன் பிறகு அவள் பிரைமரைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், விலை தெரிந்திருக்கும். அவர் எதுவும் கேட்கவில்லை. எதிரில் வந்தால் லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு புதிது.

பிறகு ஒரு நாள், கேன்டீனில் எல்லோரும் பார்க்க, அவளுடைய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு சாவியை வைத்தார்.

"சாம்பிள் ரூம் சாவிம்மா. நீயே வெச்சிக்கோ. எனக்கு மாடி ஏற முட்டி விடமாட்டேங்குது."

சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த ஆலையில் வெளியே போகிற ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு சின்ன டப்பா எடுத்து, அடைத்து, சாம்பிள் அறையில் வைப்பார்கள். பிறகு யாராவது பெயிண்ட் சரியில்லை என்று வந்தால், அவர்கள் முன்னால் அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். டப்பா நன்றாக இருந்தால் பூசியவன் தப்பு. டப்பாவும் கெட்டிருந்தால் ஆலையின் தப்பு, அதைச் சரி என்று வெளியே விட்ட தரக்கட்டுப்பாட்டின் தப்பு. ஆகவே அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஷேட் பிரிவின் ஆணியில் தொங்கும், இன்னொன்று பிரைமரின் மேசை டிராயரில் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடியும். பிரைமர் தன் சாவியை ஒருவரிடம் கொடுத்தார் என்றால், இது என் ஆள் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி.

ரோலர் கைகழுவிவிட்டு அவளுடைய மேசைக்கே வந்தார்.

"வாழ்த்துக்கள். சாவியே கைக்கு வந்துடுச்சு, இனி நாற்காலி எம்மாத்திரம்."

"முட்டி வலின்னு குடுத்தாரு சார்."

"ஆமாமா, வலிக்கத்தான் செய்யும். நம்ம பெயிண்ட் அடிச்ச அந்த ஆஸ்பத்திரிச் சுவர் உரியுதுன்னு புகார் வந்திருக்கே, கேள்விப்பட்டீங்களா? திங்கக்கெழம அவங்க ஆளுங்க வராங்க. டப்பாவத் திறப்பாங்க. அந்த நேரம் பாத்து சாவி உங்ககிட்ட. குடுத்து வெச்சவங்க நீங்க."

சிரித்துக்கொண்டே போனார். டீ ஆடை கட்டியிருந்தது. அவள் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் பேட்சை வெளியே விடச் சொன்னது பிரைமர். கலந்தது அவளுடைய ஷிப்ட். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நேரமில்லை என்று உற்பத்திப் பிரிவு அவசரப்படுத்தி, அரைபடாமலே இறக்கிய சரக்கு அது.

மறுநாள் காலை, ஷிப்ட் மாறுகிற சந்தடியில், அவள் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். யாரையும் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுவது? பிரைமரையா? அவர் வைத்த பொறியா என்று பார்க்க அவரையே துணைக்குக் கூப்பிட முடியுமா? ரோலரிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் ஆலை முழுக்கப் பூசிவிடுவார்.

அலமாரியில் அந்தப் பேட்சின் டப்பா இருந்தது. மூடியின் மேல் ஒரு விரல் அகலத்துக்குப் பொட்டு. டப்பாவை அடைக்கும் அன்றே, உள்ளே இருக்கிற பெயிண்டை விரலால் தொட்டு மூடியில் வைப்பது ஷேட் பிரிவின் பழக்கம். திறக்காமலே நிறம் தெரியும். அந்தப் பொட்டை நகத்தால் கீறினாள். உரிந்து, அப்பளம் மாதிரி நகத்தில் நின்றது. ஆஸ்பத்திரிச் சுவரும் அப்படித்தான் உரிகிறது போலும்.

மூடியை நெம்பினாள். உள்ளே இருந்ததை ஒரு தகரத் துண்டில் பூசி எடுத்துப்போய் அன்று முழுக்கக் காயவிட்டாள். அடுத்த நாள் கீறினாள். நகம்தான் தேய்ந்தது. பெயிண்ட் அசையவில்லை.

மூடி பழசு. உள்ளே இருந்தது வேறு சரக்கு. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பிரைமர் கூட்டத்தில் பேசியது, தலையசைத்தது, கேன்டீனில் சாவி வைத்தது. திங்கட்கிழமை யாராவது பொட்டைக் கவனித்துவிட்டால், இரண்டு சாவியும் யார் கையில் என்று கேட்பார்கள். கேன்டீனே சாட்சி சொல்லும்.

கணவனிடம் சொன்னாள். "பள்ளம்னு நான் சொல்லல?" என்றான். அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

முந்திக்கொள்வது என்று முடிவு செய்தாள். திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி ஆட்கள் வருவதற்கு முன், அதே கூட்ட அறைக்குப் போனாள். அதே ஆட்கள்தான் இருந்தார்கள். நாத்தனார் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். இவள் தகரத் துண்டை மேசையில் வைத்து, பொட்டு உரிந்ததைச் சொன்னாள், உள்ளே இருப்பது வேறு சரக்கு என்று சொன்னாள்.

மனிதவள அதிகாரி மேலாளரின் முகத்தைப் பார்த்தார். மேலாளர் பிரைமரைப் பார்த்தார். பிரைமர் தகரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நிதானமாகக் கீறினார். பிறகு கேட்டார்.

"யாரோடம்மா உள்ள போன?"

"தனியாத்தான் சார்."

"ரெண்டு சாவியும்?"

"நீங்கதானே குடுத்தீங்க."

"வெச்சிக்கத்தான் குடுத்தேன். தனியாத் திறன்னு சொன்னேனா?"

ரோலர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். "அதாவது, இவங்க தனியாப் போயிருக்காங்க, டப்பாவத் திறந்திருக்காங்க, இப்ப உள்ள வேற பெயிண்ட் இருக்கு. சரி. நான் ஒண்ணும் சொல்லல."

"போறதுக்கு முன்னாடியே மாத்தியிருந்தது," என்றாள் அவள்.

"யாரு பாத்தா?" என்றார் ரோலர்.

பிரைமர் தகரத்தை மெல்ல வைத்தார். "அந்த டப்பா மேல எனக்கும் சந்தேகம் இருந்ததும்மா. அதனாலதான் சாவிய உன்கிட்ட குடுத்தேன். பொட்டு வைக்கிற ஆளு, பாத்தா கண்டுபிடிப்பே, கண்டுபிடிச்சா என்னக் கூப்பிடுவேன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து திறந்திருந்தா இன்னைக்கு யாரும் வாயத் திறக்க முடியாது."

குரலில் வருத்தம் இருந்தது. வருத்தம் மாதிரி ஒன்று இருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் வெள்ளை என்று சொல்கிற ஒன்றில் நாலு வெள்ளையைப் பிரிக்கிற கண் அவளுடையது. அந்த முகத்தில் ஒன்றும் பிரியவில்லை. உண்மையைச் சொல்கிற மனிதரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். டப்பாவை மாற்றிய மனிதரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் மேலாளர். "சாவிய வெச்சிட்டுப் போங்க."

அவள் இரண்டையும் மேசையில் வைத்தாள்.

"நீயும் போம்மா," என்று டைப்பிஸ்டிடம் சொன்னார். "இதுக்குக் குறிப்பு வேண்டாம்."

நாத்தனார் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். பிரைமர்தான் எழுந்து கதவுவரை வந்தார். படி ஏற முடியாத முட்டி. நடை ஒன்றும் தடுமாறவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"போய் இரு. உனக்காக நான் பேசுறேன்."

அவள் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. அதற்கு மேல் சாவியும் திரும்பியது.