வெள்ளிக்கிழமை வைத்த ரசம்

மார்கிரட் அந்தச் சின்னச் சட்டியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு மற்றப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன் அறையில் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் ஏறி இறங்கியது. அப்பாவின் சவப்பெட்டி இரண்டு வாங்குப் பலகைகளின் மேல் இருந்தது. பத்து மணிக்குப் பங்குச் சுவாமி அடக்கத்துக்கு வருவார்.

குசினி அடுப்பில் நேற்றைய சாம்பல் அப்படியே கிடந்தது. சவம் இருக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அடுத்த வீட்டு முஸ்லிம் பெண் றலியா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். பதினொரு வருஷத்தில் மார்கிரட் சமைக்காததை அந்த வீடு சாப்பிட்டது இது இரண்டாம் தடவை. முதல் தடவை நேற்று.

சின்னச் சட்டியில் இருந்தது அக்கா கத்தரீனா வைத்த எலும்பு ரசத்தின் மிச்சம்.

அப்பாவின் பெயர் சுவக்கின். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். ஒரு வாய் உறிஞ்சினால் எந்த மலைக் கொழுந்து, பறித்த அன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். அம்மா செத்தபோது மார்கிரட்டுக்குப் பன்னிரண்டு வயது. பெண்கள் இருவரும் கண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருத்தி வேண்டும் என்றார் அப்பா. எந்த ஒருத்தி என்று அவர் யோசித்ததாகவே மார்கிரட்டுக்கு ஞாபகமில்லை. கத்தரீனா படித்துப் புசல்லாவையில் டீச்சரானாள். பெருநாளுக்குப் பெருநாள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க மகள், உட்காருங்க" என்பார்.

மார்கிரட்டை அவர் கூப்பிடுவது ஒன்றுக்குத்தான். சமைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் அவள் குழம்பில் உப்பை மறந்துவிட்டாள்.

"அடியே மார்கிரட், உப்பெங்கடி?"

உப்புச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் இரண்டு கல் எடுத்துப் போட்டுப் பிசைந்து தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அன்று மழையைப் பற்றி அவளிடம் ஏதோ சொன்னார். அதன்பிறகு அவள் உப்பை மறக்கவேயில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு கல் குறைத்தே போட்டாள்.

அவர் படுக்கையில் விழுந்ததும் சிரட்டை தலைமாட்டு முக்காலிக்குப் போயிற்று. நேற்றுக் காலையில்கூட கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மிடி" என்று முனகினார். அதே மூச்சில்தான் அதையும் கேட்டார்.

"கத்தரீனா கையால ஒரு எலும்பு ரசம் கிடைக்குமா?"

தந்தி கிடைத்து முதல்நாள்தான் வந்திருந்த கத்தரீனா உடனே சேலையைச் செருகிக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மாமிசம் கூடாது" என்றாள் மார்கிரட்.

"நோயாளிக்குப் பாவமில்ல. மடத்துல இன்னும் ரெண்டு வருஷம் படிச்சிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

றலியாவின் புருஷன் ஹாஷிமின் இறைச்சிக்கடையிலிருந்து எலும்பு வந்தது. மிளகு எங்கே, கொத்தமல்லி எங்கே என்று அக்கா கேட்டதற்கெல்லாம் மார்கிரட் மோவாயால் காட்டினாள். வெள்ளிக்கிழமை என்பதால் வைத்தவளும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

கத்தரீனா கரண்டி கரண்டியாக ஊட்டினாள். மார்கிரட் வாசற்படியில் நின்று அப்பாவின் கையையே பார்த்தாள். அது போர்வையின் மேல் கிடந்தது. ஒரு சாண் தூரத்தில் சிரட்டை. கை அந்தப் பக்கம் போகவேயில்லை.

"நல்லாயிருக்கு மகள்" என்றார். கோப்பை காலியாயிற்று. மார்கிரட் பின்பக்கம் போய், கழுவிய கஞ்சிக் கோப்பையை மறுபடியும் கழுவினாள். நாலு மணிக்கு அவர் போய்விட்டார்.

இப்போது அவள் சின்னச் சட்டியின் மூடியை எடுத்தாள். மேலே கொழுப்பு உறைந்து வெள்ளையாக இருந்தது. அதை விலக்கி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மறுபடியும் நனைத்து வைத்தாள். மிளகு இருந்தது. கொத்தமல்லி இருந்தது. எலும்பின் சாறு நன்றாகவே இறங்கியிருந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை.

நேற்றுக் காலையில் இரண்டு கல் குறைந்ததைக் கண்டுபிடித்த நாக்கு அப்பாவுடையது.

அக்காவுக்காக இதையும் விழுங்கினாரே என்று நினைத்தாள். அக்காவிடம் உப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்றும் நினைத்தாள்.

பின்னால் கத்தரீனா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அது நான் வச்ச ரசந்தானே?"

"ம்."

"ஒரு சொட்டு விடாம குடிச்சாரு, பார்த்தியா. உன் சாப்பாட்டுக்கு தினம் ஒரு குறை சொல்லுவாரே, இதுக்கு ஒண்ணும் சொல்லல." அழுகைக்கு நடுவே சிரித்தாள். "எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. பெட்டிய மூடுறதுக்குள்ள அப்பா குடிச்சத நானும் ஒரு வாய் குடிக்கணும். கொஞ்சம் தாயேன்."

மார்கிரட் சட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நீட்டினால் போதும். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை, ரசமே சொல்லிவிடும். அக்காவின் உதட்டோரத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொழுப்பு உறைஞ்சு கிடக்கு" என்றாள். "நீ போய் அப்பா பக்கத்துல இரு. எடுத்துட்டு வாறேன்."

கத்தரீனா போனாள். மெழுகுவர்த்தி வைக்க முக்காலி வேண்டுமென்று சிரட்டையை யாரோ குசினி ஜன்னலில் வைத்திருந்தார்கள். மார்கிரட் அதை எடுத்தாள். சட்டியில் இருந்ததைக் கண்ணால் அளந்து உப்புப் போட்டாள். கை பழக்கத்தில் நின்ற இடத்தில் நிறுத்தாமல், மேலும் இரண்டு கல் எடுத்துப் போட்டாள்.

ஆறிய ரசம். உப்பு கரையவில்லை. அடுப்பு மூட்டவும் முடியாது. அகப்பையை விட்டுக் கிண்டினாள். கற்கள் சட்டியின் அடியில் கரகரவென்று உரசின.

"மார்கிரட்" என்று முன் அறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.