ஒரு அடி உயரத்தில் கொடிமரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஆந்திராவில் எங்கள் கோனசீமா ஊரில் சொல்வார்கள். பொய். அது நாக்கு நுனியில் இருக்கிறது. வேணுகோபால சுவாமி கோயில் கமிட்டிக்கு ஒன்பது வருடமாக நான் தலைவனாக இருப்பதும் அதனால்தான்.

போன புயலில் பழைய கொடிமரம் சாய்ந்துவிட்டது. புதியதை நிறுத்த மாக மாதத்தில் ஒரு வியாழக்கிழமை குறித்தோம். பத்து பதினேழிலிருந்து ஐந்தே நிமிடம் முகூர்த்தம். தவறினால் ஒன்பது மாதம் தள்ளிக் கார்த்திகைதான் என்று புரோகிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொடிமரம் நிறுத்தும் நாளில் ஊரில் பிறந்த பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாலும் வந்துவிட வேண்டும். நூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். தாடேபல்லிகூடத்திலிருந்து என் தங்கை ராஜ்யமும் வந்திருந்தாள்.

காலை ஏழு மணிக்கு கிரேன் வந்தது. ஓட்டுபவர் சிம்மாசலம், ஸ்ரீகாகுளத்துக்காரர், ஈர்க்குச்சி உடம்பு.

"ஊதினா பறந்துடுவ போலிருக்கே, நீயா ரெண்டு டன் தூக்கப் போற?" என்றேன்.

"தூக்கறது மிஷினுங்க. நான் சம்பளம் வாங்கறது நிறுத்தறதுக்கு."

வண்டியிலிருந்து பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் இரும்புக் கால்கள் நான்கு. ஒவ்வொன்றும் நிற்கப்போகும் இடத்தைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "இதுக்குக் கீழ என்ன இருக்குங்க? பழைய கிணறு, கக்கூஸ் குழி, குழாய் ஏதாச்சும்?"

"கிணறு ஒண்ணு இருந்துச்சு. மேல கட்டை பரப்பி மூடி முப்பது வருஷமாச்சு. அதோ, அந்த வேப்பமரத்தடி."

அந்த இரும்புக் கால்களுக்கு அடியில் வைக்க அவர் பலகைகள் எடுக்கப் போனார். ராஜ்யம் என் பக்கத்தில் வந்து, "அண்ணய்யா, வேப்பமரத்துக்கிட்ட இல்ல, இந்தப் பக்கம்..." என்று இழுத்தாள்.

"உனக்கு என்ன தெரியும் இதெல்லாம்? போ, போய் பந்திக்குப் புளிஹோரா சோறு என்னாச்சுன்னு பாரு."

ஐம்பத்தாறு வயதுக்காரி, வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பெண்கள் வரிசையில் வந்து கொடிமரக் குழியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டார்கள். போட்டவர்கள் நகரவில்லை. எழும்பும் மரத்தைத் தொட்டால் புண்ணியம். சிம்மாசலம் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யோவ், மரத்தைத் தொட்டா புண்ணியம்யா!" என்று கத்தினேன்.

"அது மேல விழுந்தா சாமியையே தொட்டுடலாங்க. கூட்டம் நான் கட்டின கயித்துக்கு அந்தாண்ட போகட்டும், சாவி தானா வெளிய வரும்."

நானும் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். மனிதர் அசையவில்லை. கடைசியில் கூட்டம்தான் நகர்ந்தது. அவர் மைக்கை வாங்கினார்.

"தூக்கு, திருப்பு, இறக்குன்னு சொல்ல ஒரே ஆளு, என் கூட வந்த கூர்மாராவு. தலைவரு சொன்னாலும் கேக்க மாட்டேன். ஆனா நிறுத்துன்னு யாரு வேணா சொல்லலாம். கையைத் தூக்கி ஆட்டினா போதும். சின்னப் புள்ளைன்னாலும் நிறுத்திடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்தேன்.

பத்து பதினேழு. மேளம் கொட்டியது. நாற்பதடி மரம் முட்டுக்கட்டைகளை விட்டு ஒரு அடி எழும்பியது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சிம்மாசலம் அதை அங்கேயே பிடித்து நிறுத்தினார். "தூக்குய்யா, நேரம் போகுது!" என்று நான் கத்தியபோது கயிற்றுக்கு அப்பால் ஒரு கை எழுந்து ஆடியது. ராஜ்யத்தின் கை.

அவர் காரணம் கேட்கவில்லை. மரத்தை மெதுவாக இறக்கி முட்டுக்கட்டைகள்மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஊரையே கெடுத்துட்டியே, பாவி!" என்று நான் பாய்ந்தேன். அவள் கையை நீட்டி வண்டியின் பின்னங்காலைக் காட்டினாள். 

"மண்டபத் தூண்லேருந்து பதினாலு எட்டு தூரம், அண்ணய்யா. இடுப்புல குடத்தோட தினம் எண்ணி நடந்தவ நான். கிணறு அந்தப் பின்னங்காலுக்கு அடியில இருக்கு. நீ ஒரு நாளாவது தண்ணி எடுத்திருக்கியா?"

எடுத்ததில்லை.

சிம்மாசலம் கடப்பாரையோடு பின்னங்காலிடம் போனார். பலகையை ஒட்டி மூன்று குத்து. நான்காவது குத்தில் கடப்பாரை கையை விட்டு நழுவி உள்ளே போயிற்று. ஒரு நொடி கழித்து அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. 

"மரத்தை நிமிர்த்தித் திருப்பறப்ப மொத்த பாரமும் இந்தக் காலுக்குத்தான் வந்திருக்கும்" என்றார். கிரேன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நின்றிருந்த பெண்களை நானே பார்த்துக்கொண்டேன்.

"எழும்பினது பத்து பதினெட்டுக்கு. முகூர்த்தத்துக்குள்ளயே காரியம் ஆயிடுச்சு, மிச்சத்தை நிதானமா செய்யுங்க" என்றார் புரோகிதர். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. அவருடைய இரண்டு மகள்களும் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்கள் என்பது தெரியும்.

வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், பதினாலு எட்டுக் கணக்கை ராஜ்யத்தையே நடக்கவைத்துச் சரிபார்த்து, இரும்புத் தகடு போட்டு ஊன்ற மூன்று மணி நேரம் ஆயிற்று. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அந்த ஈர்க்குச்சி மனிதர் மரத்தைக் குழிக்குள் இறக்கினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியை மட்டும் அல்ல.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அங்க கிணறே இல்லாம போயிருந்தா? ஊரே சேர்ந்து உன்னை அடிச்சிருக்குமே?"

"தப்பா கை தூக்கியிருந்தாலும் நிறுத்தியிருப்பேங்க. பார்த்துட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு மறுபடி தூக்கியிருப்பேன். தூக்கின கையை ஒரு தடவை திட்டிட்டா, வேணுங்கற நாள்ல அந்தக் கை எழும்பாது."

 காலையில் ராஜ்யத்தை விரட்டியது நினைவுக்கு வந்தது. அன்று மட்டுமா?

ராஜ்யம் புளிஹோரா வாளியோடு என் இலைக்கு வந்தாள். "அண்ணய்யா, இதுல உப்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றேன்.