சாப்பாட்டுக்குப் பின் பேசாத பெட்டி

அரசு மருத்துவமனையின் கட்டணக் கவுன்ட்டரில் இருந்த அந்தச் சின்னப் பெட்டி காலையெல்லாம் ஓயாமல் பேசும். கண்ணாடியில் ஒட்டிய க்யூஆர் கோடைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து யாராவது கட்டணம் செலுத்தினால், "பணம் பெறப்பட்டது" என்று உடனே அறிவிக்கும். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து கவுன்ட்டர் திறந்ததும் வருகிற முதல் ஆளுக்கு மட்டும் வாயைத் திறக்காது. காரணம் காசாளர் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. பழுதுபார்க்க வந்தவர் முன்னால் அது சமர்த்தாகப் பேசியது.

பக்கத்துக் கவுன்ட்டர் அண்ணன் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்.

"வயிறு நிறைஞ்சதும் முறுக்கிக்குது பாரும்மா. அது சொல்லாம ரசீது போட்டுடாத. அப்புறம் உன் சம்பளத்துலதான் கை வைப்பாங்க."

அன்று முதலில் வந்தவர், ஸ்கேன் அறை வாசலில் மனைவியைச் சக்கர நாற்காலியில் விட்டு வந்திருந்தார்.

"என் போன்ல பணம் போயிடுச்சும்மா."

"பெட்டி சொல்லலையேங்க."

"மறுபடி கட்டக் கையில இல்லம்மா. ஸ்கேனுக்காகக் காலையிலேருந்து அவ பச்சத்தண்ணி குடிக்கல. இன்னிக்கு எடுக்கலைன்னா ஆபரேஷன் தள்ளிப்போயிடும்."

நேற்று இதே நேரத்தில் ஒரு பெண்ணும் ஸ்கேன் கட்டணத்துக்காக இப்படித்தான் நின்றாள். ரொக்கமாகக் கொண்டுவரச் சொல்லிக் காசாளர் அம்மா அனுப்பியிருந்தார். அவள் திரும்பி வரவில்லை.

அப்போது காசாளர் அம்மாவின் கைப்பேசி அடித்தது. தங்கை.

"எங்கக்கா போன? எத்தனை தடவை அடிக்கிறது! தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது."

எங்கும் போகவில்லை. சாப்பிடப் போகும்போது கைப்பேசியை மறதியாய்ப் பெட்டியோடு இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். கனத்த இரும்பு இழுப்பறை. எழுந்து போனால் பண சம்பந்தமானதெல்லாம் உள்ளே போக வேண்டும் என்பது கவுன்ட்டர் வழக்கம். பெட்டியையும் கை தானாகவே உள்ளே வைத்துவிடும்.

கைப்பேசியை மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

"அண்ணே, எனக்கு ஒரு போன் போடுங்க."

அவர் போட்டுக் காதில் வைத்தார். "எல்லைக்கு வெளியேங்குது. இங்கதானே நிக்கிறே?"

பெட்டிக்குள்ளும் ஒரு சிம் உண்டு. இரும்புக்குள் அதற்குச் சிக்னல் கிடைப்பதில்லை. வெளியே எடுத்த பிறகும் நெட்வொர்க்கைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆகிறது. அதற்குள் கட்டும் பணம் கணக்கில் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். சேதி மட்டும்தான் பெட்டிக்கு வராது.

காசாளர் அம்மா மேசைத் தொலைபேசியில் மாடியிலிருந்த கணக்குப் பிரிவுக்குப் பேசினார். பணம் வந்திருந்தது. ரசீதை வாங்கிய மனிதர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

காசாளர் அம்மா போனை வைக்கவில்லை. "சார், நேத்து இதே நேரத்துல வந்ததையும் பாருங்க."

மறுமுனையில் கணக்கைப் பார்த்தார்கள்.

"அதுவும் வந்திருக்கும்மா."

காசாளர் அம்மா கண்ணாடிக்கு வெளியே காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்தார். பிறகு நேற்றைய ரசீதையும் போட்டு, அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்லும்படி ஸ்கேன் அறைக்குக் கொடுத்தனுப்பினார்.

"இரும்புக்குள்ள சிக்னல் வரலண்ணே, இனிமே பெட்டிய உள்ள வைக்க மாட்டேன்."

"அதுக்காக, பணம் வாங்குற பெட்டிய வெளியில போட்டுட்டா சாப்பிடப் போவ?" என்றார் அண்ணன்.

"அது பணம் வாங்கலண்ணே. சேதி சொல்லுது. அதுக்குள்ள ஒத்தக் காசு கிடையாது."

அண்ணன் தன் இழுப்பறையைத் திறந்து இன்னும் எடுக்காமல் வைத்திருந்த தன்னுடைய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரொக்கத்தை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பெட்டிகள் மேசைமேலேயே இருந்தன. திரும்பி வந்ததும் முதல் ஆள் கட்டணம் செலுத்தினார். பெட்டி பேசியது.