ஜன்னல் இருந்த சுவர்

மேற்குச் சுவரைப் பார்த்தபடி பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றேன். நான் விசாரிக்க வந்த காற்றாலை நிழல் புகாரில் ஜன்னல் என்று இருந்த இடத்தில் செங்கல் இருந்தது. இன்னும் பூசாத புதுக் கட்டு. வரிகளுக்கு நடுவே கலவை வெளுக்காமல் ஈரச் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வீட்டுக்காரர் கொத்தனார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கல் கூட முன்னே பின்னே துருத்தவில்லை.

"எப்ப அடைச்சீங்க?"

"போன வாரம் மேடம். லீவு போட்டு ஒரே நாள்ல முடிச்சிட்டேன்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "இப்ப பாருங்க, ஒரு நிழல் உள்ள வரட்டும்."

அறையில் பகலிலேயே டியூப்லைட் எரிந்தது. அதன் கீழே அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கால் மட்டும் நிற்கவில்லை.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி என் வாய் அதைத் தானாகவே ஆரம்பித்துவிடும். ஆனாலும் சொல்லும்போதெல்லாம் அந்த விஷயத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம் வரத்தான் செய்கிறது.

காற்றாலையின் இறக்கை சூரியனுக்கு முன்னால் போகும்போது அதன் நிழல் தரையில் ஓடுகிறது. வெளியில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. வானம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வருகிறது; அதில் ஒரு கீற்று போனால் என்ன? ஆனால் ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு வெளிச்சம் முழுவதும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும். இறக்கை அதை மறைத்தால் அறையே இருண்டுவிடும். விலகினால் அறையே வெளுக்கும். யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல. கண்ணை மூடிக்கொண்டாலும் இமைக்குள் அது நடந்துகொண்டிருக்கும். சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் வீட்டின் மேல் விழும் நிழலை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மனிதர் புழங்கும் அறையின் ஜன்னல் வழியாக உள்ளே வரும் நிழல் மட்டும்தான் கணக்கு. அந்த ஜன்னலில் கருவியை வைத்து, வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பதிய வேண்டும். அளவுக்கு மேல் இருந்தால், அந்தக் காற்றாலை குறிப்பிட்ட நாட்களில் நிழல் விழும் அந்த அரை மணி நேரம் நின்றாக வேண்டும். நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இறக்கைகள் தங்கள் அச்சில் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டும். ஓடும் காரின் வெளியே நீட்டிய உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்று வழுக்கிப் போவது போல, தள்ளுவதற்கு இடமில்லாமல் காற்று விலகிப் போய்விடும்.

கொத்தனார் முழுவதையும் கேட்டார். கடைசியில் சுவரைப் பார்த்தார்.

"அப்ப ஜன்னல் இருந்தாத்தான் புகாரா?"

"ஆமாங்க."

"ஜன்னல் இல்லன்னா?"

"இந்த வீட்டுக்குள்ள நிழலே வரலைன்னு அர்த்தம்."

அறை வாசலில் சாய்ந்து நின்ற அவருடைய அக்கா சிரித்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி. என் வண்டிச் சத்தம் கேட்டதும் கையில் முறத்தோடு வந்திருந்தாள். "சொன்னேன்ல? அவசரத்துக்குப் பொறந்தவன் மேடம் இவன். மூணு வருஷம் பொறுத்தவனுக்கு மூணு நாள் பொறுக்க முடியல."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

மூன்று வருடம் என்பது உண்மைதான். சூரியன் தினமும் ஒரே இடத்தில் மறைவதில்லை. அடிவானத்தில் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். அது இந்த வீட்டுக்கும் குன்றின் மேலுள்ள காற்றாலைக் கோபுரத்துக்கும் நேர்கோட்டில் வருவது வருடத்தில் சில வாரங்கள்தான். முதல் வருடம் எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் வந்தபோது சூரியன் கோபுரத்தைத் தாண்டியிருந்தது. இரண்டாம் வருடம் நான் ஊருக்கு வந்து, இந்த வீடு வரை வராமலே திரும்பினேன். வாரம் முழுவதும் மேகம். இந்த வருடம் மாவட்டத்தின் மறுகோடியில் இருந்த புகார்களை முடித்துவிட்டு வருகிறேன். மாவட்டத்துக்கே இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். நாளை வேறு ஊர். நான் மறுபடி வருவதற்குள் இங்கே சூரியனும் நேர்கோட்டை விட்டு விலகிவிடும்.

"மேடம், ஜன்னல் இருந்துச்சுன்னு எழுதிக்கங்களேன்," என்றார் கொத்தனார். "இருந்தது நெசந்தானே? ஊரே பாத்திருக்கு."

"நான் எழுதலாம். கம்பெனி ஆளு அடுத்த வாரம் வந்து சுவரைப் போட்டோ எடுப்பாரு. அதோட புகாரைத் தள்ளிடுவாங்க. அப்புறம் இந்தக் காத்தாலை மேல இந்த வீட்டுலேர்ந்து மறுபடி புகாரே குடுக்க முடியாது."

"என்ன சட்டம் மேடம் இது? தலைவலின்னு மாத்திரை போட்டா, இப்ப வலி இல்லையே, உனக்கு வியாதியே கெடையாதுன்னு சொல்ற மாதிரி."

எனக்குச் சோர்வாக இருந்தது. அந்தச் சட்டம் கவனமாக யோசித்து எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஒரு கொத்தனார் தன் மனைவிக்காக லீவு போடுவார் என்பதை மட்டும் அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

மெஷின் நின்றது.

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

பதிலை அவர் சொன்னார். "இப்ப நல்லா இருக்கா மேடம். முன்னாடி சாயந்தரம் ஆனா தலையைப் புடிச்சிக்கிட்டு வாந்தி. ஒரு நாள் ஊசி வெரல்லயே எறங்கிடுச்சு. காட்டு, மேடம்கிட்ட காட்டு."

அவள் கையைக் காட்டவில்லை. காலரை மடித்து வைத்தாள்.

"வெள்ளைத் துணியில வெள்ளை நூலு போட்றேன் மேடம்," என்றாள் என்னைப் பார்த்து. "அது பகல் வெளிச்சத்துலதான் தெரியும். லைட்டுல எல்லாம் ஒண்ணா தெரியுது. நேத்து பத்து காலரப் பிரிச்சுத் தச்சேன்." பிறகு, அவர் பக்கம் திரும்பாமலே, "நிழல் வேணாம்னுதாங்க சொன்னேன். வெளிச்சம் வேணாம்னு சொல்லல. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

அக்கா முறத்தில் எதையோ பொறுக்க ஆரம்பித்தாள்.

கொத்தனார் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டார்.

"ஜன்னலோட மரச்சட்டம் எங்க?" என்று கேட்டேன்.

"அதை அக்கா எடுத்துட்டுப் போயிருச்சு."

"சும்மா கெடக்குதேன்னு கோழிக்கூட்டுக்குக் கதவா வச்சிட்டேன் மேடம்," என்றாள் அக்கா. "போய்க் கழட்டிக் கொண்டாரவா?" கேட்டாளே தவிர, நகரவில்லை.

சட்டம் இல்லாத ஓட்டை ஜன்னலா? எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்குச் சட்டம் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்த அளவு திறப்பை ஜன்னல் என்று சொல்லலாம் என்றும் அதில் இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஸ்டூலில் ஏறி, மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டலை ஒட்டிய கடைசி வரிசையில் உளியை வைத்துவிட்டார். அந்த இடுக்கில் கலவை எப்போதும் முழுதாக ஏறாது. பிரிப்பதானால் அங்கேதான் தொடங்க வேண்டும். ஓங்கி அடிக்காமல், பல் பிடுங்குகிறவரைப் போல, கல்லின் நான்கு பக்கமும் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். துகள்கள் அவர் முகத்தில் உதிர்ந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

நான் கருவியை எடுத்து முடுக்கினேன். வெளியே காற்று நன்றாக இருந்தது. சூரியன் இறங்கியிருக்கும் என்று தெரியும். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க முடியவில்லை.

"டியூப்லைட்டை நிறுத்துங்க," என்றேன். அவள் எழுந்து நிறுத்தினாள். அறை ஒரேயடியாக இருண்டது.

கல் உரசும் சத்தம். கொத்தனார் இரண்டு விரல்களை இடுக்கில் விட்டு அசைத்தார். முழுக் கல்லாகவே கையோடு வந்தது. செங்கல் அளவு வெயில் அறையைக் குறுக்கே கடந்து, சுவிட்சுப் பக்கம் நின்றிருந்த அவள் தோளிலும் கழுத்திலும் விழுந்தது. தூசி அதில் மிதந்தது. உடனே அணைந்தது. மறுபடி வந்தது. அணைந்தது. கருவியில் எண்கள் ஏறி இறங்கின.

அவள் நகர்ந்துகொள்ளவில்லை. கொத்தனார் ஸ்டூலின் மேல், அந்தக் கல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.