குத்திவிட்டு நகர்கிறவள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு மேசையில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு அது. என் வேஷம் திருடன்: மறைவிலிருந்து பாய்ந்து குத்த வேண்டும், பதிலடி வருமுன் மறைந்துவிட வேண்டும். ரோஷம் வந்து ஒரு நாள் நின்று காட்டினேன். என் ஆள் செத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவனுக்குக் கோபத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

2.

முதல் தொடக்கம்: "இருண்ட கோட்டை வாசலில் பூதத்தின் கண்கள் தீப்பொறியாய்..."

வேண்டாம். பூதம் என்பது ஒரு நூல்கண்டு. அதை ஒளிப்பானேன்?

இரண்டாவது: துணி திருத்தித் தைக்கும் கடையின் பின்னறை, ஞாயிறு மதியம். துணி வெட்டும் மேசைமேல் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டிருக்கிறது. நடுவில் அந்த நூல்கண்டு; இடதும் வலதுமாக நிறுத்திய இரண்டு சாக்குக்கட்டித் துண்டுகள் தூண்கள். அகலமான கோட்டுப் பொத்தான் கவசம் போட்ட வீரன். அவனை ஆடுபவர் பஸ் டிரைவர். சின்னக் கறுப்புப் பொத்தான் திருடி. அவளை ஆடுபவள் கடையின் தையல்காரி, டிரைவரின் மச்சினி. ஆட்டத்தை நடத்தி, பூதத்தையும் நகர்த்துபவர் ஒரு பல் டாக்டர். (முதலில் வாத்தியாராக வைத்திருந்தேன். 'வலிக்காது' என்று சொல்லிவிட்டு வலிக்க வைக்கிறவர்தான் இந்த வேலைக்குச் சரி.)

தையல்காரி மூன்று வருஷமாக இந்தத் திருடியை வளர்த்திருக்கிறாள். இன்றைக்கு ஒரு முறையாவது நேருக்கு நேர் நிற்காவிட்டால், திருடியைப் பிடுங்கிக்கொண்டு வைத்தியச்சி வேஷம் தருவதாக மற்ற இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

3.

திருடி தூணுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து குத்தினாள். இருபது முகப் பகடையில் பதினெட்டு. குத்திய கையோடு தூணுக்கே திரும்பிவிட்டாள். பூதம் பக்கத்தில் நின்ற வீரனை அறைந்தது. வீரனுக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளி.

"நீ குத்திட்டுப் போயிடுற. அடி வாங்குறது யாரு?" என்றார் டிரைவர்.

"நீங்கதான் அத்தான்."

"தெரிஞ்சும் ஓடுற."

"தெரிஞ்சும் நிக்கிறீங்களே, அதை யாரு கேக்குறது?"

"வீரன்னா நிக்கணும்மா."

"நின்னுட்டே இருக்க அது என்ன பஸ் ஸ்டாப்பா?"

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

* இந்த இடத்தில் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவள் நழுவும் ஒவ்வொரு தடவையும் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். என் மேசையில் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"டாக்டர், அத்தான் அடிக்காம பின்வாங்கினா பூதம் அவரை அடிக்குமா?"

"அடிக்க முடியாது. துரத்தி வரும். ஆனா தூண் தூரம், வந்து சேரவே அதோட முறை முடிஞ்சிடும்."

"ஒருத்தரைத்தானே துரத்தும்? அத்தான், நீங்க இடது தூண், நான் வலது தூண். உங்க பக்கம் வந்தா அதோட முதுகு எனக்கு. என் பக்கம் வந்தா உங்களுக்கு." குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு வருஷமா நான் தனியா ஓடல. நீங்களும் நகருவீங்கன்னு இடம் விட்டுட்டே இருந்தேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க நின்னுட்டு இருந்தீங்க."

4. (கிழித்த முடிவு)

திருடி வெளியே வந்து, பூதத்தின் முன் நெஞ்சை நிமிர்த்தி, கடைசியாக ஒரு முறை அத்தானைத் திரும்பி...

முழுசாக எழுதினேன். நன்றாகவே வந்தது. நின்று சாவதை நன்றாக எழுதுவது ரொம்பச் சுலபம். அதனால்தான் கிழித்தேன்.

5.

"கடைசியா கேக்குறேன்," என்றார் டாக்டர். "உன் திருடி நேருக்கு நேர் நிப்பாளா?"

"மாட்டா."

"அப்ப குடுத்துடணும்."

"இந்தச் சண்டை முடியட்டும். அப்புறமும் மனசு வந்தா எடுத்துக்கங்க. அத்தான், உங்க முறை."

டிரைவர் கோட்டுப் பொத்தான்மேல் விரலை வைத்தார்.

அந்த விரலை உங்களிடம் தருகிறேன். முன்னே தள்ளினால் வீரன் இன்னும் ஒரு அடி அடிப்பான், அநேகமாகச் சாவான், பழி தையல்காரிமேல் விழும், திருடி அவள் கையை விட்டுப் போய்விடுவாள். பின்னே இழுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கட்டம் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கறுப்புப் பொத்தானில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அது தூணுக்குப் பின்னால்தான் இருக்கும். அதை நான் எழுதிவிட்டேன்.