ம் கொட்டுகிற இடம்

என் புருஷன் ஆசத்தர் அலி வாசிக்கும்போது நான் ம் கொட்டுவேன். நாற்பத்தொரு வருஷம் அதுதான் என் வேலை. சோறாக்கியது, ஜெபுனைப் பெற்று வளர்த்து லண்டனுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் சிலெட் பக்கத்தில் கதைப்பாட்டு வாசிப்பவர் இரண்டடி பாடிவிட்டு நிறுத்துவார். கேட்பவர் "ம்" என்றோ "ஐயோ பாவமே" என்றோ சொன்னால்தான் அடுத்த அடி. யாரும் வாய் திறக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். மற்றவர்கள் டிவி பக்கம் போன பிறகு எங்கள் வீட்டில் கேட்பதற்கு மிஞ்சியது நான் ஒருத்தி.

புத்தகம் எங்கள் பேச்சுக்கென்றே இருந்த சிலெட்டி நாகரி எழுத்தில் அச்சானது. கப்பல் கவிழ்ந்து ஆளுக்கொரு கரையில் ஒதுங்கிய அரசகுமாரனும் அவன் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் தேடுகிற கதை. பள்ளிக்கூடத்தில் வங்காள எழுத்துதான். நாங்கள் பேசுவதையே கொச்சை என்று வாத்தியார் அடிப்பார். ஆனால் நாகரியை ஒரு பெண்பிள்ளை இரண்டரை நாளில் கற்றுவிடலாம் என்று எங்கள் ஊரில் பெருமையடிப்பார்கள். நான் கற்கவில்லை.

"முப்பத்திச் சொச்சம் எழுத்துதான் ஜெபுன் அம்மா. வெத்தலை மடிக்கிற நேரத்துல வந்துரும்" என்பார் அவர்.

"நானும் படிச்சிட்டா உங்களுக்கு யாரு ம் கொட்டுறது? வாசிங்க பேசாம."

போன வருஷம் சிலெட் டவுனிலிருந்து தௌகீர் என்ற பையன் வந்தான். எங்கள் பேச்சும் எழுத்தும் அழிந்துவிடக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறவன். நல்ல பிள்ளை. அதனால்தான் அவனைத் திட்டவும் முடியவில்லை. ஃபேனை நிறுத்தினான், கோழிகளைக் கூடை போட்டு மூடினான். பிறகு என்னிடம் வந்தான்.

"சாச்சி, நீங்க சத்தமே காட்டக் கூடாது. சாச்சாவோட குரல் மட்டும் சுத்தமா வரணும்."

"அப்ப எனக்கும் ஒரு கூடை கொண்டா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாடத் தொடங்கி இரண்டடி முடிந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ம்முக்குப் பதில் தலையை ஆட்டினேன். அடுத்த இரண்டடி. திரும்பவும் நிறுத்தினார், திரும்பவும் ஆட்டினேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. கதை முடிந்தபோது என் கழுத்து வலித்தது.

நான்கு மாதம் கழித்து, மழை விடுவதற்கு முன்னால், மூச்சுத்திணறலில் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். அந்தப் பதிவு வரட்டும், இந்தத் தடவை என் வாயைப் பொத்த யாரும் இல்லை, வாய்விட்டு ம் கொட்டிவிடலாம் என்று. நாற்பதாம் நாள் கழிந்து தௌகீர் வந்தான். அவரை அடக்கிய கபுறில் துஆ ஓதினான், ஜெபுன் அனுப்பிய போனில் பதிவை ஏற்றித் தந்தான், நாகரி எழுத்துகள் அச்சிட்ட ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் இரண்டு பேருக்கு வெற்றிலை மடித்துவைத்து, பாயில் உட்கார்ந்து, போனை அமுக்கினேன்.

அவர் குரல் வந்தது. இரண்டடி முடிந்தது. "ம்" என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் மூன்றாவது அடிக்குப் போய்விட்டார். சரி, நான்தான் பிந்திவிட்டேன் என்று அடுத்ததற்குத் தயாராக இருந்தேன். அப்போதும் அவர் நிற்கவில்லை. கப்பல் கவிழ்ந்த இடத்தில்கூட நிற்கவில்லை. "ஐயோ பாவமே" என்கிறேன், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்.

"என்ன அவசரம்? யாரு துரத்துறா உங்கள?" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

தௌகீரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"நடுநடுவுல சத்தமில்லாத இடம் நிறைய இருந்துச்சு சாச்சி. எல்லாத்தையும் வெட்டிட்டேன். இப்பக் கேட்க நல்லா இருக்குல்ல?"

"வெட்டினது எங்கப்பா இருக்கு?"

"அழிச்சாச்சு சாச்சி. அதுல ஒண்ணுமே இல்லையே."

"அதுல நான் இருந்தேன்ப்பா."

அவன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவனை அழவைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

இரண்டடிக்கு ஒருமுறை விரலால் நிறுத்தியும் பார்த்தேன். நிற்கத்தான் செய்கிறார். நான் நிறுத்தி அவர் நிற்பதும், எனக்காக அவரே நிற்பதும் ஒன்றா?

அந்தக் கோபத்தில்தான் புத்தகத்தை எடுத்தேன். வரிகள் எனக்கு மனப்பாடம். அவர் பாட, நான் விரலை ஓட்டி, தௌகீர் தந்த தாளோடு எழுத்துகளை ஒத்துப் பார்த்தேன். இரண்டரை நாளாம்! எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் அசர் தொழுதுவிட்டு, போனை அணைத்துத் தள்ளிவைத்தேன். முதல் இரண்டடியை நானே பாடினேன். தட்டுத் தடுமாறினாலும் ஒரு எழுத்து பிசகவில்லை. பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான், ம் கொட்ட வேண்டியவள் இப்போது பாடிவிட்டாள் என்பது உறைத்தது. கூரைத் தகரத்தில் காக்கை நடந்தது. கோழிகள் கொக்கரித்தன. வெற்றிலையை மென்று, சாறு விழுங்கி, அப்புறம் ம் சொல்கிறவள் நான். அவ்வளவு நேரமும் அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தேன். ம் வராமல் அடுத்த அடிக்குப் போகக் கூடாது. நான் போகவில்லை.